திறவுகோலுக்குக் காவல்

திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணி பாயும் நெல்வயல்களைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்வோர், செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் நிறைந்த வறள்நிலத்தைக் காண்பர். அந்நிலத்தில், உவரிக் கடற்கரைக்கு அண்மையில் அமைந்த ஊர் திசையன்விளை. பனையே அவ்வட்டாரத்தின் பழஞ்செல்வம். பதநீர் மிகுதியாக இறங்கும் மாதங்களில் காய்ச்சிய கருப்பட்டியை, மழைக்காலத்தில் விலை ஏறும் வரை இருப்பு வைத்திருத்தல் வணிகர் வழக்கம். அவ்வாறு இருப்பு வைக்கும் கட்டடத்தைத் தென்பாண்டி நாட்டார் ‘கிட்டங்கி’ என்பர்.

பல அறைகள் கொண்ட பெருங்கிட்டங்கி ஒன்றில் வணிகர் பதினைவர் சரக்கு வைத்திருப்பதாகக் கொள்க. ஒவ்வொருவரிடமும் தத்தம் அறைகளை மட்டும் திறக்கும் திறவுகோல் உண்டு. எல்லா அறைகளையும் திறக்கவல்ல தலைமைத் திறவுகோல் கிட்டங்கி மேலாளரிடம் இருக்கும். இந்த ஏற்பாடு செம்மையாக நடைபெற இரண்டு காவல்கள் வேண்டும். முதலாவது, திறவுகோல் உரியவர் கையை விட்டு அகலலாகாது. இரண்டாவது, ஒருவருடைய சரக்கை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாற்றும் பொழுது, அதற்குரிய பூட்டும் திறவுகோலும் பிழையின்றி மாற்றப்படல் வேண்டும். திருட்டுக்கு ஏற்ற வேளை பூட்டிக்கிடக்கும் வேளையன்று. இடம் மாற்றும் வேளையே.

இத்தகைய கிட்டங்கி ஒன்று கணிப்பொறியின் உள்ளேயும் இருக்கிறது. அதற்கு நினைவகம் என்பது பெயர். அயல்நாட்டில் உழைக்கும் மகன் ஒருவன், திசையன்விளையில் வாழும் தன் தாயின் வங்கிக் கணக்கிற்குப் பணம் அனுப்புகிறான். அச்செய்தி தொலைதூர நகரம் ஒன்றிலுள்ள சர்வர் எனப்படும் சேவைக் கணிப்பொறியைச் சென்றடைகிறது. அதே நொடியில் வேறு பல்லாயிரவர் கணக்குகளும் அதே பொறியில் பார்க்கப்படுகின்றன. அவை யாவும் ஒரே நினைவகத்தில் அடுத்தடுத்து இடம் பெறுகின்றன. ஒருவர் கணக்கு மற்றொருவர் கணக்கின்மேல் எழுதப்பட்டுவிட்டால், அல்லது ஒருவர் மறைபொருள் மற்றொருவர் கண்ணிற்பட்டுவிட்டால், அத்தாயின் ஆண்டு முழுவதற்குமான வாழ்க்கைச் செலவே அழிந்துபோதல் கூடும். அவ்வாறு நேராமல் காப்பது எது?

இவ்வினாவிற்கு விடை காண அறுபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். கணிப்பொறி செய்யவேண்டிய வேலையை வரிசைப்படுத்திக் கூறும் கட்டளைத் தொடருக்கு நிரல் என்பது பெயர். தொடக்க காலக் கணிப்பொறிகள் ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டுமே ஏற்றன. ஆதலின் நினைவகம் முழுவதும் அதற்கே உரியதாயிற்று. பூட்டும் திறவுகோலும் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு நிரல் அட்டைகளைப் படிக்கக் காத்திருக்கும் வேளையில், விலையுயர்ந்த பொறி வாளா இருந்தது. அவ்விழப்பைத் தவிர்க்கப் பல நிரல்களை ஒருங்கே நினைவகத்தில் அமர்த்தும் முறை வந்தது. பலர் ஒரு வீட்டில் குடியேறியதும் எல்லைச் சண்டையும் உடன் வந்தது.

1964 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள், அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் ‘சிஸ்டம் 360’ என்னும் கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. ஜீன் ஆம்டால், கெரிட் பிளாவ், பிரெடரிக் புரூக்ஸ் ஆகியோர் அதன் கட்டமைப்பை வகுத்த அறிஞர்கள். அவர்கள் நினைவகத்தை 2,048 பைட்டு கொண்ட அறைகளாகப் பகுத்தனர். பைட்டு என்பது ஓர் ஆங்கில எழுத்தைக் குறித்து வைக்கப் போதுமான சிற்றிடம். எனவே 10,48,576 பைட்டு கொண்ட நினைவகத்தில் 512 அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறைக்கும் 0 முதல் 15 வரையுள்ள எண்களுள் ஒன்று பூட்டாக இடப்பெற்றது. நினைவகத்துள் வேலை செய்யும் நிரலுக்கும் அவ்வாறே ஓர் எண் திறவுகோலாக அளிக்கப்பெற்றது.

நிரல் ஓர் அறையில் எழுத முற்படும்பொழுதெல்லாம், பொறி இவ்விரண்டு எண்களையும் ஒப்பிட்டு நோக்கும். ஒத்திருப்பின் எழுத விடும். ஒவ்வாதாயின் எழுதுதலைத் தடுத்து, அந்நிரலை அங்கேயே நிறுத்தி, மேற்பார்வை நிரலுக்கு அறிவிக்கும். அறையின் பூட்டில் மேலும் ஒரு குறி இடப்பெற்றிருந்தால், எழுதுதல் மட்டுமன்றிப் படித்தலும் தடுக்கப்படும். 0 என்னும் எண்ணைத் திறவுகோலாக உடையது எல்லா அறைகளிலும் புகலாம். அத்தலைமைத் திறவுகோல் மேற்பார்வை நிரலுக்கு உரியது.

தமிழகத்திலும் இம்முறையில் இயங்கிய பெரும்பொறி ஒன்று இருந்தது. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959 இல் சென்னையில் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், 1973 ஆம் ஆண்டு ‘ஐ.பி.எம். 370/155’ என்னும் கணிப்பொறி நிறுவப்பட்டது. அது சிஸ்டம் 360 இன் வழித்தோன்றல். துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்திருந்த மாணவரும் ஆய்வாளரும் பலர். ஒருவர் பாலத்தின் வலிமையைக் கணக்கிடும் நிரல் கொடுத்திருப்பார். மற்றொருவர் வேதியியல் ஆய்வுக்குரிய நிரல் கொடுத்திருப்பார். ஒருவருடைய பிழை மற்றொருவருடைய பல நாள் உழைப்பைக் கெடுக்காமற் காத்தது நான்கு பிட்டு அளவேயான அச்சிறு எண். பிட்டு என்பது 0 அல்லது 1 என்னும் ஒற்றைக் குறி. நான்கு குறிகளைச் சேர்த்தால் பதினாறு வேறு எண்கள் கிடைக்கும். அப்பொறி நெடுநாள் உழைத்து ஓய்வு பெற்றுவிட்டது. ஆயினும் அது கையாண்ட திறவுகோல் முறை, ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும்பொறிகளில் இன்றளவும் நிலைத்துள்ளது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். பதினாறே எண்கள் உள்ளன எனில், அவற்றுள் ஒன்றை ஊகித்தல் எளிதன்றோ? எளிதே. ஆனால் ஊகிப்பதனால் பயன் யாதும் இல்லை. அறைகளின் பூட்டெண்கள், நிரல்கள் எட்டக்கூடிய நினைவகத்திலேயே வைக்கப்படவில்லை. தனியான ஓரிடத்தில் வைக்கப்பட்டன. அவற்றை மாற்றும் கட்டளையும், நிரலின் திறவுகோலை மாற்றும் கட்டளையும் மேற்பார்வை நிரலுக்கு மட்டுமே உரிய சிறப்புக் கட்டளைகள். ஏனைய நிரல்கள் அவற்றைக் கூறினால் பொறி ஏற்பதில்லை. ஆகவே இத்திறவுகோலின் வலிமை மறைவில் இல்லை. பிறரால் மாற்ற இயலாமையில் உள்ளது.

அற்றேல், தலைமைத் திறவுகோலை உடைய மேற்பார்வை நிரலே ஏமாந்துவிட்டால் என்னாகும்? ‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல’ என்னும் பழமொழி இங்குப் பொருந்தும். ஒரு நிரல் மேற்பார்வை நிரலை அணுகி, “இவ்விடையை இன்ன அறையில் எழுதித் தருக” என்று வேண்டுகிறது. அது சுட்டிய அறை பிறருடையதாக இருந்தால், தலைமைத் திறவுகோலைக் கொண்டு மேற்பார்வை நிரல் அறியாமலே அவ்வறையுள் புகுந்து எழுதிவிடும். கள்வன் பூட்டைத் தொடவேண்டிய தேவையே இல்லை. காவலனே அவனுக்காகத் திறந்து தருகிறான். இதற்கு மாற்று ஒன்றே. பிறர் பொருட்டு வேலை செய்யும்பொழுது மேற்பார்வை நிரல் தன் திறவுகோலை ஒதுக்கி வைத்துவிட்டு, வேண்டியவருடைய திறவுகோலையே கையில் எடுத்தல் வேண்டும். அத்திறவுகோல் திறவாத அறையை அதுவும் திறத்தலாகாது.

இனி இடம் மாற்றுதலைக் காண்போர், இரண்டாம் காவலின் அருமையை உணர்வர். நினைவகம் அளவிற் சிறியது; வட்டுகளில் உள்ள இடம் பெரியது. ஆதலால் உடனடியாகத் தேவைப்படாத செய்திகளை வட்டிற்கு அனுப்பிவிட்டு, காலியான அறையை வேறு நிரலுக்குக் கொடுப்பதும், தேவைப்படும்பொழுது பழைய செய்தியை மீண்டும் வேறோர் அறையிற் கொண்டுவந்து வைப்பதும் வழக்கமாயின. சிஸ்டம் 370 பொறிகளில் இம்முறைக்கு வேண்டிய ஏற்பாட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1972 இல் அறிவித்தது. நிரல் தன் செய்தி ஓரிடத்திலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும். உண்மையில் அது நாள் முழுவதும் அறை மாறிக்கொண்டேயிருக்கும்.

இங்கே கவனிக்கத்தக்கது யாதெனின், பூட்டு அறைக்கு உரியது. உள்ளிருக்கும் சரக்குக்கு உரியதன்று. சரக்கு வட்டிற்குச் சென்றுவிட்டாலும் பூட்டு பழைய அறையிலேயே தொங்கும். எனவே மேற்பார்வை நிரல் ஒரு முறையைத் தவறாது பின்பற்றல் வேண்டும். முதலில் பழைய செய்தியைப் பாதுகாப்பாக வெளியேற்றும். அடுத்து, அறையை முற்றிலும் துடைத்துத் தூய்மையாக்கும். அதன் பின்னரே புதியவருடைய எண்ணைப் பூட்டாக இடும். இவ்வரிசை மாறினால் தீங்கு விளையும். துடைக்கும் முன்னரே பூட்டை மாற்றிவிட்டால், இடைப்பட்ட சிறுபொழுதில் பழையவருடைய மறைபொருளைப் புதியவர் படித்துவிடலாம். அச்சிறுபொழுது மனிதருக்குக் கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்தது. பொறிக்கோ அது நெடும்பொழுது. பழைய செய்தி திரும்பி வரும்பொழுதும் அது புகும் புதிய அறைக்கு அதன் பழைய எண்ணையே இடுதல் வேண்டும். மறந்தால் உடையவனே தன் பொருளை எடுக்க இயலாமல் வெளியே நிற்பான். வண்டியிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்கும் அறையை எவரும் இடம் மாற்றுவதில்லை. அதுபோல, வட்டிலிருந்து செய்தி வந்து இறங்கிக்கொண்டிருக்கும் அறையை, அவ்வேலை முடியும் வரை அசையாமல் நிறுத்தி வைத்தலும் மேற்பார்வை நிரலின் கடமை.

இதுகாறும் கூறப்பட்டது நுழைவுரிமையைக் காட்டும் திறவுகோல். கணிப்பொறியில் மற்றொரு வகைத் திறவுகோலும் உண்டு. செய்தியைப் பிறர் அறியா வண்ணம் மறையெழுத்தாக மாற்றவும், மீண்டும் இயல்பான எழுத்தாக்கவும் பயன்படும் நீண்ட எண் அது. 128 பிட்டு நீளமுள்ள அத்தகைய எண்ணைப் பதின்மான முறையில் எழுதினால் 39 இலக்கங்கள் வரை நீளும். முன்னையது பிறரால் மாற்றப்படாமையால் வலிமை பெறுவது. பின்னையது பிறரால் அறியப்படாமையால் வலிமை பெறுவது. இந்த மறைத் திறவுகோலையும் சர்வர்கள் நினைவகத்திலேயே வைத்திருந்தன. அதனால் விளைந்த இடர் பெரிது.

சிஸ்டம் 360 அறிவிக்கப்பெற்று ஐம்பது ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், அஃதாவது 2014 ஏப்ரல் 7 இல், ‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயரிடப்பட்ட குறை ஒன்று உலகிற்கு வெளியிடப்பட்டது. இணையத்திலுள்ள சர்வர்கள் பலவும் பயன்படுத்திய ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்னும் நிரற்றொகுப்பில் அக்குறை இருந்தது. ஒரு கணிப்பொறி மற்றொன்றுக்குச் சிறு சொல்லை அனுப்பி, அதன் நீளத்தையும் கூறும்; பெற்ற பொறி அச்சொல்லையே திருப்பி அனுப்பும். இணைப்பு உயிருடன் இருப்பதை அறிவதற்கான ஏற்பாடு இது. ஆனால் கூறப்பட்ட நீளம் மெய்யானதா என்று அந்நிரல் சோதிக்கத் தவறிற்று. சில எழுத்துகளை மட்டும் அனுப்பிவிட்டு, நீளம் 64,000 என்று பொய் கூறினால், சொல்லுக்கு அடுத்து நினைவகத்தில் இருந்த செய்திகளையும் சர்வர் அள்ளித் தந்தது. அவ்வாறு அள்ளப்பட்டவற்றுள் சர்வரின் மறைத் திறவுகோலே அகப்படக்கூடும் என்பது சில நாள்களிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. குறையைத் திருத்திய பின்னரும் கவலை தீரவில்லை. எவர் கையில் எந்தத் திறவுகோல் சேர்ந்தது என்று அறிய வழியின்மையால், சர்வர்களை நடத்துவோர் பழைய திறவுகோல்களை நீக்கிப் புதியன செய்ய நேர்ந்தது.

இங்கே அறைப்பூட்டுகள் காவாதது ஏன்? குறையுடைய நிரலும் மறைத் திறவுகோலும் ஒரே அறையில், ஒரே உரிமையுடன் குடியிருந்தன. அறைக்கு வெளியே வலிய பூட்டைத் தொங்கவிட்டு, பேழையின் திறவுகோலை உள்ளே மேசைமீது வைத்ததற்கு இது நிகராகும். இதனை உணர்ந்த பொறியியலார், ஒரே நிரலின் உள்ளேயும் தனியறைகள் அமைக்கும் வழியைக் கருதலாயினர். இன்டெல் நிறுவனம் 2017 முதல் தன் சர்வர்ப் பொறிகளில் மீண்டும் 0 முதல் 15 வரையுள்ள எண்களைத் திறவுகோல்களாக அமைத்தது. இம்முறையில் எண் அறையின்மேல் இடப்படுவதில்லை. எந்தச் செய்தி எந்த அறையில் உள்ளது என்று காட்டும் பதிவேட்டில் எழுதப்படுகிறது. ஆதலின் செய்தி அறை மாறினாலும் எண் அதனுடனேயே செல்கிறது. மறைத் திறவுகோலைத் தனி எண்ணுடைய இடத்தில் வைத்து, தேவையான நொடியில் மட்டும் திறந்து, உடனே மூடிவிடலாம். ஆனால் திறந்து மூடும் அதிகாரம் அந்நிரலிடமே உள்ளமையால், இது பிழையைத் தடுக்கும் அளவிற்கு வஞ்சகத்தைத் தடுப்பதில்லை.

நினைவகத்தைப் பற்றிய மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. மின்சாரம் நின்றவுடன் நினைவகம் வெறுமையாகிவிடும் என்றே பலர் நம்பியிருந்தனர். 2008 ஆம் ஆண்டு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் அந்நம்பிக்கை பிழை எனக் காட்டினர். மின்சாரம் நின்ற பின்னும் சில நொடிகள் செய்தி தங்கியிருக்கும். நினைவகச் சில்லுகளை மிகவும் குளிர்வித்தால் பல நிமிடங்கள் வரை அழியாதிருக்கும். அதற்குள் சில்லைப் பிடுங்கி வேறு பொறியில் பொருத்தினால், மறைத் திறவுகோலைப் படித்துவிடலாம். ஆகவே, நினைவகமே நம்பத்தக்க பேழையன்று என்பது தெளிவாயிற்று.

இதன்பின் நினைவகத்தில் எழுதப்படும் செய்தி முழுவதையும் மறையெழுத்தாக்கி வைக்கும் சர்வர்கள் தோன்றின. ஏ.எம்.டி. நிறுவனம் 2017 இல் வெளியிட்ட பொறிகள் அத்தகையன. இந்நாளில் பெரிய சர்வர் ஒன்றினுள் பல ‘மெய்நிகர்க் கணிப்பொறிகள்’ வாடகைக் குடிகளைப்போல் இயங்குகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மறைத் திறவுகோல் அமைகிறது. அத்திறவுகோலை உண்டாக்குவதும் காப்பதும் சில்லினுள் தனியே அமைந்த சிறு பொறி ஒன்றின் வேலை. நிரல்களோ, அவற்றை மேற்பார்க்கும் தலைமை நிரலோ அதனைக் காண இயலாது. கிட்டங்கி மேலாளரும் திறக்கமுடியாத அறை என இதனைக் கூறலாம். சில்லைப் பிடுங்கிச் செல்வோர்க்கும் பொருளற்ற எழுத்துகளே கிடைக்கும்.

ஆனால் ஒரு சர்வர் பழுது பார்க்கப்படும்பொழுது, அதிலுள்ள குடியை வேலை நிறுத்தாமலே மற்றொரு சர்வருக்குக் குடிபெயர்த்தல் வேண்டும். அங்கே திறவுகோலை எவ்வாறு அனுப்புவது? இதற்குக் கண்ட விடை நுட்பமானது: பழைய திறவுகோலை அனுப்புவதே இல்லை. முதலில் இரண்டு சர்வர்களிலும் உள்ள காவற்பொறிகள் ஒன்றையொன்று இன்னது என உறுதி செய்துகொள்கின்றன. பின்னர், இடைவழியில் ஒட்டுக்கேட்போர் அறியமுடியாத கணித முறையால், பயணத்திற்கு மட்டும் உரிய திறவுகோல் ஒன்றுக்குக் காவல் அமைக்கின்றன. செய்தி பழைய மறையெழுத்திலிருந்து எடுக்கப்பட்டுப் பயணத்திற்குரிய மறையெழுத்தில் மாற்றி அனுப்பப்படுகிறது. சென்றடைந்த இடத்தில் புதிய திறவுகோல் ஒன்று பிறக்கிறது. செய்தி அதனால் மீண்டும் மறைக்கப்படுகிறது. பழைய திறவுகோல் பழைய வீட்டிலேயே அழிக்கப்படுகிறது. முதலில் வந்த இத்தகைய பொறிகளிலும் ஆய்வாளர் சில குறைகளைக் கண்டனர்; பின் வந்த பொறிகளில் அவை திருத்தப்பட்டு வருகின்றன. பூட்டுச் செய்வோனும் பூட்டுடைப்போனும் ஒருவரையொருவர் பின்தொடர்தல் பண்டுதொட்டு வரும் வழக்கமே.

இவ்வறுபது ஆண்டு வரலாற்றில் பொறிகள் மாறின. நினைவகம் பன்மடங்கு பெருகிற்று. ஆயினும் காவலின் நெறிகள் மாறவில்லை. திறவுகோலைப் பொருளுடன் ஒரே இடத்தில் வைத்தலாகாது. எல்லாவற்றையும் திறக்கும் திறவுகோலைத் தேவையின்றி எடுத்தலாகாது. இடம் பெயரும்பொழுது பழைய அறையைத் துடைத்த பின்னரே பிறருக்கு விடுதல் வேண்டும். வெளிப்பட்டதோ என ஐயுறத்தக்க திறவுகோலைத் திருத்தி வைத்துக்கொள்ளாமல், உடனே அழித்துப் புதிது செய்தல் வேண்டும். சர்வர்களைக் காக்கும் பொறியியலாருக்கு மட்டுமன்றி, வங்கி அட்டையின் இரகசிய எண்ணை அட்டையின் உறைமீதே எழுதி வைப்போருக்கும் இந்நெறிகள் உரியன. பூட்டின் பெருமை இரும்பில் இல்லை. திறவுகோலைக் காப்பவரின் விழிப்பில் இருக்கிறது.